வெங்காயம் வெட்டும்போது சொன்ன மீன் கதைகள்

என் அன்பான இஞ்சாருங்கோ,

முப்பது வருடத்துக்கு மேல் உங்களை நான் இப்படித்தான் கூப்பிட்டேன். கடிதம் எழுதுகிறேன் என்பதற்காக இன்றைக்குத் திடீரென்று 'அன்புள்ள தேவராசா' என்று தொடங்கினால், இது வேறு யாருக்கோ வந்தது என்று நீங்கள் பிரிக்காமலே வைத்துவிடுவீர்கள். பக்கத்தில் நின்று வாசிக்கிற மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் எல்லோரும் எழுதினார்கள், நான் மட்டும் எழுதவில்லை. மகள் அபி கணினியைக் கொண்டுவந்து முன்னால் வைத்து, "அம்மா, நீங்க சொல்லுங்கோ, நான் ரைப் பண்ணுறன்" என்றாள். எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. பிறகு மலரை வாசித்துப் பார்த்தேன். பண்பின் சிகரம், குடும்பத்தின் தூண், பொதுப்பணியில் முன்னின்றவர் என்றெல்லாம் இருந்தது. ஊர்ச் சங்கக் கூட்டத்துக்கு நீங்கள் தவறாமல் போனது அங்கே கொடுக்கிற வடைக்காக என்பது நம் இருவருக்கும் மட்டும்தான் தெரியும். மீனைப் பற்றி ஒரு வரி இல்லை.

மலரின் அட்டைக்குப் படம் தேடியது பெரிய கூத்து. கடைசி வருடங்களில் எடுத்த படம் ஒன்றிலாவது நீங்கள் மனிதரோடு நிற்கவில்லை. எல்லாவற்றிலும் தொப்பி, மிதப்பு அங்கி, கையில் ஒரு பாஸ் மீன். கடைசியில் கறுப்புக் கண்ணாடி போடாத ஒரு படம் அகப்பட்டது. அச்சகத்துத் தம்பி அதிலிருந்து மீனை எடுத்துவிட்டு, உங்களுக்கு நீலக் கோட்டும் ரையும் போட்டுவிட்டார். சிரிப்பை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை, அப்படியே விட்டுவிட்டார். என் மணி அக்கா மலரைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இப்பிடிப் பல்லெல்லாம் தெரிய ஆரும் செத்துப் போவினமே?" என்று கேட்டார். சாமி அறையிலும் இப்போது அதே படம்தான். விளக்கேற்றும்போதெல்லாம் எனக்கு அந்த இல்லாத மீன்தான் தெரிகிறது. அது எத்தனை இறாத்தல் இருந்தது? நீங்கள் சொல்லியிருப்பீர்கள்.

சொல்லியிருப்பீர்கள். அதுதான் இந்த மாதங்களில் என்னைப் போட்டு வாட்டியது. பெப்ரவரியில் பனி வழித்துவிட்டு வந்து கதிரையில் இருந்து "தேத்தண்ணி தாரும்" என்று கேட்டீர்கள். நான் ஊற்றிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குக் கொஞ்சம் முந்தி, தைப்பொங்கலுக்கு மணி அக்கா வீட்டில் எல்லோரும் இருந்து கதைத்தபோது நீங்கள் சொன்னது ஞாபகமா? "இவவுக்கு மீனைப் பற்றிச் சொல்லுறதும் ஒண்டு, எங்கடை பேஸ்மென்ற் சுவருக்குச் சொல்லுறதும் ஒண்டு. சுவராவது நடுவிலை எழும்பிப் போகாது." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு தனியே இருக்கும்போது அதை நினைத்தால் சிரிப்பு வரவில்லை. நான் ஒருநாளும் கேட்கவில்லை என்ற நினைப்போடுதான் இந்த மனிதர் போய்விட்டாரா? இதை யாரிடம் போய்க் கேட்பது?

நியாயத்துக்கு என் பக்கத்தையும் நான் சொல்ல வேண்டும். இந்தக் குளிர்நாட்டு ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கும்போது எனக்கு இருந்தது ஒரேயொரு ஆசைதான். மாசி மாதக் காலையில் வேலைக்குப் போகும்போது கார்க் கண்ணாடியில் ஐஸ் சுரண்டாமல், கராஜுக்குள் ஏறி, கராஜுக்குள் இருந்தே வெளியே போக வேண்டும். ஒரு பனி மாரி முழுக்க அப்படிப் போனேன். அடுத்த வசந்தத்தில் கயாக் வந்தது. ஒரு ஆள் இருந்து போகிற ஒடுங்கிய படகு என்று நினைத்துத்தான் சரி என்றேன். வந்து இறங்கியது காலால் மிதித்து ஓட்டுகிற வகை. இரண்டு கையும் தூண்டிலுக்கு வேண்டுமாம். கூரையில் கட்டித் தொங்கவிட்டும், அதன் நீளத்துக்கும் பருமனுக்கும் கார் வெளியே போனது. கயாக்கின் பின்னாலே தூண்டில் தடிகள் வந்தன. பிறகு பெட்டிகள் வந்தன. பிறகு பெட்டிகளை அடுக்குவதற்குப் பெட்டிகள் வந்தன.

"ஒரு மனுசருக்கு ரெண்டு கை. பத்துப் பன்னிரண்டு தடி ஏன்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உமக்கு எத்தினை சட்டி இருக்கு?" என்றீர்கள்.

"சட்டி சமைக்கிறதுக்கு."

"மச்சச் சட்டியிலை வெள்ளிக்கிழமை பருப்பு வைப்பீரோ?"

"அதெப்பிடி?"

"அப்ப றப்பர்த் தவளை எறியிற தடியிலை நான் எப்பிடிப் புழுப் போடுறது?"

நான் போய் மச்சச் சட்டியைத் தனியாக எடுத்து வைத்தேன்.

சோடிக் காலுறை தேடத் தெரியாத மனிதர் நீங்கள். ஆனால் கராஜுக்குள் ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம் வைத்திருந்தீர்கள். தடிகள் கூரையின் கீழே கிடையாக, ஒவ்வொன்றும் தன் தன் கொழுவியில். மீனை ஏமாற்றுகிற பொய்மீன்கள் அவை நீந்துகிற ஆழத்தின்படி, றப்பர்ப் புழுக்கள் வகையின்படி. புது மருந்துப் போத்தலுக்குள் ஈரம் உறிஞ்ச வரும் சின்னப் பைகளைக்கூடக் குப்பையில் போட விடமாட்டீர்கள், தூண்டில் கொழுக்கி கறள் பிடிக்காமல், துருவேறாமல் இருக்கப் பெட்டிக்குள் வைப்பீர்கள். கயாக்கில் இருந்தால் திரும்பிப் பார்க்க முடியாது, கை தானாகப் போய் எடுக்க வேண்டும் என்று சொல்லி, கராஜ் தரையில் கயாக்கை வைத்து, அதற்குள் ஏறி இருந்து, கண்ணை மூடிக்கொண்டு முதுகுப் பக்கம் கையை நீட்டி நீட்டிப் பழகினீர்கள். நாயோடு நடந்துவந்த முன்வீட்டுப் பெண் நின்று பார்த்துவிட்டு, என்னிடம் மெதுவாக, "அவர் சுகமாக இருக்கிறாரா?" என்று கேட்டதை நான் உங்களுக்குச் சொல்லவேயில்லை.

மீன் பிடித்துவிட்டு ஏரியால் வந்ததும் குளிக்க முன்னமே அடுப்படிக்கு வருவீர்கள். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு இருப்பேன். பிறிட்ஜில் சாய்ந்துகொண்டு, எறிந்த ஒவ்வொரு எறிக்கும் கதை. காற்று எந்தப் பக்கம், தண்ணீர் என்ன நிறம், மீன் எங்கே பதுங்கியிருந்தது, ஏன் கவ்வியது, ஏன் விட்டது. பிடித்த மீனை முத்தம் கொடுக்காத குறையாகத் திருப்பித் தண்ணீரில் விட்டுவிட்டு வருவீர்கள். குழம்புக்கு நான் அஜின்கோர்ட் கடையில் வாங்கிய விளைமீன்தான். மீன்பிடிகாரர் வீட்டில் கடை மீன். அந்த எரிச்சலில் நான் "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டு வெட்டுவேன். சில நேரம் நடுவிலே எழும்பிக் கறிவேப்பிலை ஆயப் போவேன். அதை நீங்கள் கணக்கில் வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குப் பொங்கலன்றுதான் தெரிந்தது.

சரி, இனி நடந்ததைச் சொல்கிறேன். இருந்துகொண்டு கேளுங்கள்.

முப்பத்தொன்று முடிந்த கையோடு மணி அக்கா, கோயிலில் அவருக்குப் பழக்கமான இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு அஜின்கோர்ட்டிலிருந்து வந்து இறங்கினார். "நீ கராஜ் பக்கம் போகாதை. அவரின்ரை சாமானைப் பாத்தால் உனக்கு மனம் தாங்காது. நாங்கள் ஒதுக்கி விடுறம்." நான் மேலே படுத்திருந்தேன். கீழே நல்ல சத்தமும் தேத்தண்ணியும் சிரிப்புமாக வேலை நடந்தது. பின்னேரம் வந்து கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். கராஜ் கண்ணாடி போல இருந்தது. உண்மையாகவே நன்றாகத் துப்புரவாக்கியிருந்தார்கள்.

உங்கள் தடிகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, பழைய சீலைக் கிழியலால் முருங்கைக்காய்க் கட்டுப் போல இறுக்கிக் கட்டி, மூலையில் கூட்டுகிற தும்புத்தடிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். பொய்மீன்கள் அத்தனையும் ஒரு பெரிய பிஸ்கற் ரின்னுக்குள் போயிருந்தன. றப்பர்ப் புழுக்களை, அவை வந்த பொலித்தீன் பை எல்லாம் வீணாக இடத்தைப் பிடிக்கிறது என்று பிரித்து, சோப்புப் போட்டுக் கழுவி, காய வைத்து, ஐஸ்கிரீம் பெட்டிகளில் போட்டு மூடியிருந்தார்கள். நம் வீடுகளில் ஐஸ்கிரீம் பெட்டியை எறிகிறவர் யார்? மூடியில் அக்காவின் கையெழுத்து: 'பெரிய புழு', 'சின்னப் புழு', 'தவளை'. எல்லாவற்றிலும் பெரிய பெட்டியில் 'தெரியாதது'.

"ஒரு புழுவிலை உள்ளிப்பூண்டு மணக்குது, கவனிச்சனியே?" என்று அக்கா என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். "மீனுக்குக்கூட உள்ளி போட்டுத்தான் குடுத்திருக்கிறார். நல்ல மனுசன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்று அழுகிறேன் என்று அவர்கள் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மே மாதம் வந்ததும் அபி கயாக்கை விற்கிற கதையைத் தொடங்கினாள். அவளில் பிழை சொல்ல மாட்டேன். வாற மாரிப் பனியில் நான் தனியே கண்ணாடி சுரண்டுவதை அவளால் பார்க்க முடியாதாம். "அம்மா, இற் இஸ் ஜஸ்ற் ஹாங்கிங் தெயர். அப்பாவும் ஆரும் பாவிக்கிறதைத்தான் விரும்புவார்." நான் யோசித்தேன். நான் ஒருநாளும் காது கொடுக்காத சாமான்களை இனி வைத்து என்ன செய்வது? கேட்கத் தெரிந்த ஒருவரிடம் போகட்டும் என்று தலையாட்டினேன். அவள் எல்லாவற்றையும் சேர்த்து இணையத்தில் விளம்பரம் போட்டாள்.

சனிக்கிழமை ஒருவர் பிக்கப் ட்ரக்கில் வந்தார். தாடி வைத்த வெள்ளைக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும், நல்ல பணிவு. உங்கள் செய்தி கேட்டு முதலில் தொப்பியைக் கழற்றினார். பிறகு கூரையில் தொங்கிய கயாக்கை இறக்கித் தடவிப் பார்த்தார். பிறகு மூலையில் நின்ற முருங்கைக்காய்க் கட்டைப் பார்த்தார். 'பெரிய புழு'வைத் திறந்தார். மூடியைக் கையில் பிடித்தபடி ஒரு அடி பின்வாங்கினார்.

நான் எட்டிப் பார்த்தேன். எல்லாம் உருகி ஒட்டி, உள்ளே புழு என்று ஒன்றும் இல்லை. பச்சையும் ஊதாவும் கபிலமும் கலந்து, எண்ணெய் மினுங்க, ஒரு தட்டில் கொட்டினால் துண்டு போடலாம் என்கிற பதத்தில் அல்வா போல ஒரு தொதல் கிடந்தது.

"இழுபடுகிற புழுவை மற்றப் புழுவோடு வைக்கக் கூடாது," என்று என் வாய் சொன்னது. "இரண்டும் ஒன்றை ஒன்று உருக்கிவிடும். அது அது வந்த பையில்தான் இருக்க வேண்டும்."

ஆங்கிலத்தில் சொன்னேன். எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது.

"தெரிந்துகொண்டு ஏன் வைத்தீர்கள்?" என்று அவர் கேட்டார்.

"நான் வைக்கவில்லை. என் அக்கா வைத்தார்."

அவர் தலையாட்டினார். அவருக்கும் அக்கா இருக்க வேண்டும். கட்டை அவிழ்த்து ஒரு தடியை எடுத்து வளைத்துப் பார்த்து, "இது ஈயம் கட்டின ஜிக் தூண்டிலுக்குப் போல" என்றார். அபி முந்திக்கொண்டு, "ஐ ஆம் சொறி, அம்மாவுக்கு இதொண்டும் தெரியாது" என்று தொடங்கினாள்.

"இல்லை," என்றேன் நான். "அது இளகின தடி. பொய்மீன் இழுக்கிறதுக்கு. கவ்வினதும் தடி விட்டுக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கொழுக்கி வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். ஜிக் தடி அந்தக் கறுப்புப் பிடி போட்டது. இது, இந்தத் தடிச்சது, தவளைக்கு. அல்லி இலைக்கு மேலாலே தவளையை இழுத்துக்கொண்டு வர வேண்டும். மீன் கீழே இருந்து பாயும். பாய்ந்தவுடன் இழுக்கக் கூடாது. ஒரு மூச்சு விட வேண்டும். அது தவளையை வாய்க்குள் கொண்டுபோய்த் திரும்பும். அப்போதுதான் இழுக்க வேண்டும். ஆட்கள் பயத்திலே முந்தி இழுத்துவிடுவார்கள்."

இஞ்சாருங்கோ, நான் நிற்பாட்டவில்லை. எனக்கு நிற்பாட்டத் தெரியவில்லை. காற்று அடிக்கிற நாளில் எதை எறிவது, கலங்கின தண்ணீருக்கு எந்த நிறம், சின்னவாய்ப் பாஸ் கல்லிலே நிற்கும், பெரியவாய்ப் பாஸ் புல்லிலே நிற்கும், வீட்டுக்கு வந்தால் நூல் சுற்றுகிற சுருளின் பிடியைத் தளர்த்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பழுதாகும். உங்கள் குரல் அப்படியே என் வாயால் வந்துகொண்டிருந்தது. நீங்கள் நடுவிலே தொண்டையைச் செருமுகிற இடத்தில் நானும் செருமினேன். அந்த மனிதர் தடியைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றார். நடுவிலே விட்டுப் போகவில்லை.

கடைசியாக அவர், "உங்கள் கணவர் எங்கே மீன் பிடிப்பார்?" என்று கேட்டார்.

"ஏரியில்," என்றேன்.

"எந்த ஏரி?"

"பெரிய ஏரி."

அபி, "ஸ்கூ" என்று வாயைத் திறந்தாள். நான் அவள் காலை மிதித்தேன். ஸ்கூகொக் ஏரியில், உடைந்த இறங்குதுறைக்கு அப்பால், நாணலுக்குள்ளாலே புகுந்து போனால் வருகிற அந்த அல்லிப் பரப்பு நம் வீட்டு இரகசியம். அது இரகசியம் என்பதை நான் அன்றைக்குத்தான் அறிந்தேன்.

அவர் மெதுவாகக் கையிலிருந்த தடியைத் திருப்பிச் சுவரில் சாத்தினார். "நீங்கள் விற்கப் போவதில்லை, இல்லையா?" என்றார்.

"இல்லை. மன்னியுங்கள்."

"பரவாயில்லை. தவளைக் கதை தொடங்கும்போதே எனக்குத் தெரியும்." கயாக்கைத் திரும்பவும் கூரைக்கு ஏற்றித் தந்துவிட்டுத்தான் போனார். போகும்போது தொதல் பெட்டியைப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எடுக்க விட்டேன்.

அபி ஒரு மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அம்மா, ஹவ் டூ யூ நோ ஓல் திஸ்?"

"உங்கடை அப்பா சொன்னவர்."

"எப்ப?"

"நான் வெங்காயம் வெட்டேக்கை."

அதற்குப் பிறகு நான் கராஜ் படியில் இருந்து அழுதேன். செத்த வீட்டில்கூட நான் அப்படி அழவில்லை. அபியும் வந்து பக்கத்தில் இருந்து அழுதாள். சந்தோசத்தில் அழுதேன் என்றால் நம்புவீர்களா? ஒன்றும் போகவில்லை. அத்தனை வருடமும் நீங்கள் சொன்ன அத்தனையும் எனக்குள் இருந்தது, நீங்கள் அடுக்கியது போலவே ஒழுங்காக, கை நீட்டினால் எடுக்கக் கூடியதாக. அதை உங்களுக்குச் சொல்ல முடியவில்லையே என்ற ஒரு துக்கம் மட்டும்தான்.

பிறகு ரெக்ஸ்டேலிலிருந்து அன்ரன் அண்ணையைக் கூப்பிட்டேன். உங்களைத் தேவன் என்று கூப்பிடுகிற உங்கள் ஏரிக் கூட்டாளி, மன்னார்க் கடலில் தகப்பனோடு வள்ளம் ஏறி வளர்ந்த மனிதர். பிஸ்கற் ரின்னைத் திறந்து ஒரு பொய்மீனைத் தூக்கினார். மற்ற அத்தனையும் கொழுக்கியோடு கொழுக்கி மாட்டி, ஒரே குலையாக எழும்பி வந்தன. அதை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துச் சுற்றிப் பார்த்தார்.

"தங்கச்சி, கடலிலை எங்களுக்கு ஒரு வலை, ஒரு வள்ளம், ஒரு அந்தோனியார். அவ்வளவுதான். உங்கடை ஆளுக்கு ஒவ்வொரு மீனுக்கும் ஒவ்வொரு அலுமாரி."

இரண்டு பேரும் இருந்து குலையைப் பிரித்தோம். அவர் விரலில் இரத்தம், என் சட்டையில் ஓட்டை. பிரித்த பிறகு நான் உங்கள் ஒழுங்கில் திருப்பி அடுக்கவில்லை. கோபிக்க வேண்டாம். ஆழத்தின்படி அடுக்கினால் எனக்குப் பிடிபடாது. நாளாந்தம் எடுக்கிறது கைக்கு எட்ட, இடைக்கிடை எடுக்கிறது நடுவிலே, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எடுக்கிறது மேல் தட்டில். என் அடுப்படி அப்படித்தான், ஒருநாளும் எதையும் தேடியதில்லை. அன்ரன் அண்ணை, "தேவன் எழும்பி வந்தால் என்னைத்தான் பேசுவான்" என்று முணுமுணுத்தார். வரட்டுமே, வந்து பேசட்டுமே என்றேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒரே பச்சைப் பொய்மீன், ஒரே நீளம், ஒரே கண். அதில் ஏன் ஆறு? என் சீலை அலுமாரியைத் திறந்துவிட்டு நின்று நீங்கள் கேட்கிற கேள்வி இது.

ஜூன் கடைசியில் பாஸ் பிடிக்கிற காலம் திறந்த சனிக்கிழமை நான் போனேன். ஆம், நான்தான். லைசென்ஸ் எடுத்தேன். நீந்தத் தெரியாது என்று உங்களுக்குத் தெரியும், அதனால் மிதப்பு அங்கியை வீட்டிலேயே போட்டுக்கொண்டு வான் வண்டியில் ஏறினேன். அதற்கு முதல், வீட்டுக்குப் பக்கத்துச் சின்ன ஏரியில் அன்ரன் அண்ணை இடுப்பளவு தண்ணீரில் நின்று பிடித்துக்கொள்ள, மிதித்துப் பழகியிருந்தேன். மிதிப்பது கால் தையல் மெசின் போலத்தான் என்று நீங்கள் சொன்னது சரி. அபி வானை ஓட்டினாள்.

மணி அக்காவும் வந்தார். புது ஆளோடு வாகனம் தண்ணீரில் இறங்கும்போது சும்மா இறங்கலாமா? வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் தேங்காய் உடைத்தார், கயாக்கின் மூக்குக்குத் திருநீறும் சந்தனப் பொட்டும் வைத்தார். பிறகு எலுமிச்சந் தேசிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்துப்போய் நின்றார். "சில்லு எங்கை? சில்லு இல்லாட்டி இதை எதுக்குக் கீழை வைக்கிறது?"

கயாக்கை இழுத்துப் போகிற சின்ன வண்டிலுக்கு இரண்டு சில்லு இருந்தது நல்லதாகப் போயிற்று. தேசிக்காய் நசிந்தது. அன்ரன் அண்ணை தன் பங்குக்குக் அந்தோனியார் கோயில் போத்தலில் கொண்டுவந்த ஆசீர்வாதத் தண்ணீரைத் தெளித்தார். இரண்டு சமயத்துச் சம்மதத்தோடும் இறங்கினேன். கரையில் நின்று அக்கா, "தூரப் போகாதை, போகாதை" என்று கத்திக்கொண்டே இருந்தார். நாணலுக்குள் புகுந்த பிறகுதான் அந்தச் சத்தம் கேட்கவில்லை.

அந்த இடத்தை நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் அங்கே அவ்வளவு அமைதி என்று சொல்லவில்லை. அன்ரன் அண்ணை தன் கயாக்கில் தள்ளி நின்றார், முதுகுதான் தெரிந்தது. ஒரு கொக்கு நின்றது. பேச ஒரு ஆள் இல்லை. அப்போதுதான் விளங்கியது, நீங்கள் ஏன் குளிக்க முன்னமே அடுப்படிக்கு வந்தீர்கள் என்று. பார்த்ததையெல்லாம் விடியற்காலம் தொடங்கி வாய்க்குள்ளே வைத்துக்கொண்டிருந்து, சிந்தாமல் வீடு வரைக்கும் கொண்டுவந்து என்னிடம்தான் தந்திருக்கிறீர்கள். வேறு யாரிடமும் இல்லை.

கையைப் பின்னால் நீட்டினேன். திரும்பாமலே தவளைத் தடி கைக்கு வந்தது. எறிந்தேன். முதல் எறி நாணலில், இரண்டாவது என் தொப்பியில். பிறகு ஒன்று சரியாக அல்லி இலைக்கு மேலே விழுந்தது. மெல்ல இழுத்தேன். தண்ணீர் வெடித்தது. என்னைப் பெற்றவளே என்று ஒரே இழுவை. தவளை பறந்து வந்து என் மடியில் விழுந்தது. மீன் போய்விட்டது. ஒரு மூச்சு விட வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கைக்குத்தான் தெரியாது. அன்ரன் அண்ணை திரும்பிப் பார்த்து, "தேவனும் முதல் வருசம் முழுக்க இதைத்தான் செய்தவன்" என்றார். அதை நீங்கள் எனக்கு ஒருநாளும் சொல்லவில்லையே. மற்றதெல்லாம் சொன்னீர்கள்.

வெறுங்கையோடு வந்து, குளிக்காமல் அடுப்படிக்குப் போய், வெங்காயத்தை எடுத்து வைத்துக்கொண்டு அபிக்குச் சொல்லத் தொடங்கினேன். அவள் போனைப் பார்த்துக்கொண்டு "ம்ம், ம்ம்" என்றாள். நான் வெட்டிக்கொண்டே சொன்னேன். எனக்குத் தெரியாதா அதெல்லாம் எங்கே போய் இருக்கும் என்று.

இனி இப்படிச் செய்வோம். பனி தொடங்கும் வரை சனிக்கிழமைகளில் நான் போய் வருகிறேன். கார் வெளியே நிற்கட்டும், கண்ணாடியைச் சுரண்டத்தான் கை இருக்கிறதே. வந்து, தடிகளைத் துடைத்து அதனதன் இடத்தில் வைத்துவிட்டு, அடுப்படியில் நின்று உங்களுக்கு எல்லாவற்றையும் சொல்வேன். எறிந்தது, தப்பியது, தண்ணீரின் நிறம், காற்று வந்த பக்கம், ஒன்று விடாமல். இது சத்தியம். நீங்கள் "ஓம்" என்றுகூடச் சொல்ல வேண்டாம். கேட்கிறீர்களா என்று நான் சோதித்துப் பார்க்கவும் மாட்டேன். பதில் சொல்லாத ஆட்களும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். நான் இருந்தேனே.

என்றும் உங்கள் மனுசி,
பவானி